சைபீரியாவிலிருந்து வந்த வாத்துகள்

எங்கள் ஏரியைக் காப்பாற்றப் புறப்பட்ட குழுவுக்கு என் மாமாதான் செயலாளர். பறவைகளின் சார்பாகப் பேச அவரைவிடப் பொருத்தமில்லாத ஆள் ஊரில் கிடையாது. மேல்பட்டாம்பாக்கத்தைத் தாண்டி மெயின் ரோட்டில் அவர் பிரியாணிக் கடை வைத்திருந்தார். ‘நீர்ப்பறவைகளைக் காப்போம், புறவழிச்சாலையைத் தடுப்போம்’ என்ற பேனரை அவர் கட்டிய இடத்துக்கு நேர் கீழே ‘காடை வறுவல் ரெடி’ என்ற பலகை தொங்கியது.

அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, “மச்சான், காடை மட்டும் காப்பாத்துற லிஸ்ட்ல இல்லியா?” என்று கேட்டார்.

“அது பண்ணைக் காடை மச்சான். அதுக்கு ரோடு வந்தாலும் ஒன்னுதான், வராட்டியும் ஒன்னுதான்” என்றார் மாமா.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஏரிக்கு நடுவே மண்ணைக் கொட்டி, அதன்மேல் புதிய புறவழிச்சாலை போடப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. சாலை வந்தால் லாரியும் பஸ்ஸும் மாமாவின் கடைப்பக்கமே எட்டிப்பார்க்காது. அந்தக் கவலை அவருக்கு இருந்தது எல்லோருக்கும் தெரியும், அவரும் மறைக்கவில்லை. ஆனால் மற்றவர்களின் கவலை வேறு. ஏரிப் பாசனத்தை நம்பித்தான் அத்தாவின் நிலம் இருந்தது. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் எங்கள் தெருக் கிணறுகளில் ஊறும். அம்மா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போடத் தயங்கியவர்களின் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் போடும்வரை டீ குடித்தாள்.

மனு எழுதும் பொறுப்பு மாமாவுடையது. அதில் அவர், சைபீரியாவிலிருந்து பறவைகள் ஆயிரக்கணக்கில் எங்கள் ஏரிக்கு வருவதாக எழுதிவிட்டார். அதைப் படித்த அதிகாரி, நேரில் பார்க்க வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அவர் குறித்த நாள் பங்குனிக் கடைசி. ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மார்கழியில் வந்து இறங்கிய பெரிய பறவைகளெல்லாம் எப்போதோ போய்விட்டன. அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மாமா கரையில் நின்று எண்ணிப் பார்த்தார். இரண்டு நீர்க்காகமும் ஒரு நாரையும் தேறின. அந்த நாரையும் உடம்பு சரியில்லாததுபோல நின்றது.

“கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் எழுதிட்டேன்” என்றார் மாமா.

மறுநாள் அவர் ஒரு வாத்து மேய்ப்பவரோடு வந்தார். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் அவர். ஒரு காலைப்பொழுது மட்டும் வாத்துகளை எங்கள் ஏரியில் விட அவரை மாமா எப்படியோ சம்மதிக்க வைத்திருந்தார். பிரியாணிக் கடைக்காரரிடம் வாத்தை ஒப்படைக்கிறோமே என்ற பயம் மட்டும் அவருக்குப் போகவில்லை. ஏரியில் இறக்கும்போது ஒவ்வொன்றையும் மாமாவின் கண்முன்னாலேயே எண்ணி இறக்கினார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. சற்றுத் தள்ளிக் கரையோரச் சேற்றில் குருவி அளவில், சேற்று நிறத்திலேயே ஒரு கூட்டம் ஓடியோடி எதையோ கொத்திக்கொண்டிருந்தது. “அந்தச் சில்லறைங்கள வெரட்டிவுடும்மா. பெருசுங்களுக்கு நடுவுல இதுங்க நின்னா மதிப்பு கொறையும்” என்றார் மாமா. நான் ஏரிக்கும் ஊருக்கும் சேவை செய்கிற பெருமிதத்தோடு கல்லெறிந்தேன். அவை பறந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் இறங்கின. மறுபடியும் எறிந்தேன்.

ஜீப்பில் அதிகாரியும், கழுத்தில் பைனாகுலர் மாட்டிய ஓர் இளம்பெண்ணும் வந்தார்கள். பறவைகளைப் பற்றிப் படித்தவள் என்றார்கள். மாமா கையை வீசி ஏரியைக் காட்டினார்.

“எல்லாம் சைபீரியாவுலேர்ந்து வந்துருக்கு சார்.”

அதிகாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். அவர் பாட்டுக்குப் பார்த்துவிட்டுப் போயிருப்பாரோ என்னவோ. அந்த நேரம் பார்த்து மாமாவின் கடை ஆட்கள் இரண்டு பேர், அதிகாரிக்கு விருந்து போட ஒரு பெரிய பிரியாணி டேக்சாவைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறினார்கள். புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்த வாத்துக்காரர் டேக்சாவைப் பார்த்தார். அவ்வளவுதான்.

“ப்பா... ப்பா... ப்பா... வாங்கடி வாங்கடி!” என்று அலறிக்கொண்டே ஓடிவந்தார்.

சைபீரியப் பறவைகள் அத்தனையும் தலையைத் தூக்கின. பிறகு வரிசை கலையாமல் கரையேறி, அதிகாரியின் கால்களுக்கு நடுவே புகுந்து, வாத்துக்காரரிடம் போய் நின்றன.

அதிகாரி மாமாவைத் திரும்பிப் பார்த்தார். “சைபீரியா வாத்துக்குத் தமிழ் தெரியுமா?”

“வந்து ரொம்ப நாளாவுது சார்” என்றார் மாமா. “பழகிடுச்சி.”

அத்தா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அம்மா வாங்கிய கையெழுத்துகளெல்லாம் அந்த நொடியில் தண்ணீரில் போயின என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மா மாமாவைப் பார்த்த பார்வையில் டேக்சாவே கொதித்திருக்கும்.

அந்தப் பெண் மட்டும் வாத்துகளைக் கவனிக்கவே இல்லை. பைனாகுலரை அந்தச் சேற்றிலிருந்து எடுக்காமல், “சார், இங்க பாருங்க. உள்ளான்! எத்தனை நிக்குது! இதுங்கதான் பனிப் பிரதேசத்துலேர்ந்து வருது. இன்னும் கொஞ்ச நாள்ல திரும்பக் கெளம்பிடும்” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “பாப்பா, அந்தக் கல்லக் கீழ போடு” என்றாள்.

போட்டேன்.

“அதத்தான் சார் பெட்டிஷன்ல எழுதியிருக்கோம்” என்றார் மாமா, மூச்சுக்கூட விடாமல்.

அதிகாரி வெகுநேரம் பைனாகுலரில் பார்த்தார். கரையில் இறங்கி மதகைப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டு எந்தெந்தக் கிணற்றுக்கு ஏரித்தண்ணீர் ஊறுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிரியாணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாத்துக்காரர் சாப்பிட்டார், வாத்துகளை இரண்டு தடவை எண்ணிய பிறகு.

சில மாதங்கள் கழித்து, சாலை ஏரி வழியாக வராது, தெற்கே தள்ளி வேறு பாதையில் போகும் என்று தகவல் வந்தது. பள்ளிவாசல் முன்னால் வெடி வெடித்தார்கள். சாலை எந்தப் பாதையில் போனாலும் லாரிகள் தன் கடைப்பக்கம் வராது என்பதை மறந்து, மாமா ஊருக்கே பிரியாணி போட்டார். அம்மா அன்றைக்குத்தான் அவரோடு பழையபடி பேசினாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனபோது, தினமும் என் பக்கத்தில் உட்காருகிறவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்குத் தெற்கே, வயல்களுக்கு அந்தப்புறம் இருந்த சின்ன ஊர் அவளுடையது. விருந்துக்கு அவளைக் கூப்பிடாதது தப்புதான் என்று எனக்கு உறுத்தியது. மாமாவிடம் சொல்லி, மறுநாள் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனேன். பிரித்து அவள் முன்னால் வைத்தேன். முட்டைகூட இருந்தது.

அவள் தொடவில்லை. “எங்க கெணத்தாண்ட அளந்து கல்லு நட்டுட்டுப் போயிட்டாங்க” என்றாள்.

“இன்னா கல்லு?” என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்குக் கோழி பிடிக்காதுபோல, அடுத்த தடவை மட்டனாகக் கேட்டு வாங்கி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே என் பெஞ்சுக்குத் திரும்பினேன்.