ஜெர்மேன் வாங்கிய விரால்

கணவர் அரிகிருஷ்ணன் இறந்து ஓராண்டு நிறைவதற்குள் தம்பி லூயி பாரிஸிலிருந்து சைகோனில் வந்து இறங்கினான். மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டே அக்கா ஜெர்மேனிடம் கேட்டான்.

"இனி யாருக்காகக்கா நீ இங்க இருக்கணும்? எங்களோட வந்துடு. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

அவர்களுடையது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்த குடும்பம். போர் முடிந்து நகரம் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறிய மறு ஆண்டு பிரெஞ்சுக் குடியுரிமையோடு எல்லோரும் விமானம் ஏறினார்கள், ஜெர்மேன் ஏறவில்லை. அரிகிருஷ்ணன் சந்தைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவர். அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடையாது. புருஷனுக்காகத்தான் அவள் தங்கிவிட்டாள் என்று முப்பது வருஷமாகக் குடும்பத்தில் பேச்சு. அவளும் மறுத்ததில்லை.

இப்போது அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அரிசிக்கு வரிசையில் நின்றது, அரசாங்கத் தையல்கூடத்தில் காலர் தைத்துக் கழுத்து வலித்தது, கீழ்வீட்டுக்காரியோடு போட்ட சண்டை, அவளோடு பகிர்ந்த சோறு எல்லாம் யாருக்காகவோ பட்ட பாடு என்றல்லவா இவன் நினைக்கிறான்! பதில் சொல்ல வாயெடுத்தவள் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கக்கா கெளம்பிட்ட?"

"மீன் வாங்க."

சமையலுக்குத்தான் என்று லூயி நினைத்துக்கொண்டான்.

அவள் போனது நகரத்தின் சீனர் பகுதியான சோலோனில் வளர்ப்பு மீன் விற்கும் தெருவுக்கு. தையல்கூடத்துக்கு நடந்த காலமெல்லாம் அந்தக் கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறாள். நின்றதில்லை. இன்று நின்றாள். கடைக்காரன் அவளது நரைமுடியைப் பார்த்ததும் தங்கமீன் தொட்டியைக் காட்டினான்.

"இதை எடுத்துக்கங்க, கோ ஹாய்" என்றான் வியட்நாமிய மொழியில். மூத்த அத்தை என்று மரியாதையாக விளிப்பது. "சாது. தொந்தரவே இருக்காது."

"வயசாயிட்டா சாதுவான மீன்தான் வளக்கணுமா? பெரிசா வளரணும். என்னைப் பாத்தா இவதான்னு அதுக்குத் தெரியணும். அப்படி ஒண்ணு காட்டு."

அவன் டிராகன் மீனைக் காட்டினான். வெள்ளித் தகடுபோலப் பளபளத்தது, வீட்டுக்கு யோகம் என்றான். அது நீரின் மேல்மட்டத்தைப் பார்த்தபடி அவளைக் கடந்து கடந்து போயிற்று. அடுத்தது சிவப்புவால் கெளுத்தி. அழகுதான், ஆனால் வளர்ந்தால் அறையே அதற்குப் போதாது என்று அவனே ஒப்புக்கொண்டான். ஆஸ்கார் மீன் கண்ணாடிக்கு ஓடிவந்து வாலாட்டியது. ஜெர்மேனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கத்தில் வந்த இன்னொருவரிடமும் அது அப்படியே குழைந்தது.

மூலைத் தொட்டியில் கறுப்புக் கோடும் ஆரஞ்சு நிறமுமாக, கையகல மீன் ஒன்று தனியே கிடந்தது. அவள் விரலை நீட்டினாள். அது ஓடவில்லை. மெல்ல மேலேறி, கண்ணாடிக்கு அந்தப்புறம் முகத்துக்கு நேராக நின்று, நீ யார் என்பதுபோல் பார்த்தது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

"அது விராலாச்சே! புளிச்சாறு வைக்க வாங்குவாங்க" என்று கடைக்காரன் சிரித்தான். பிறகு நிஜமாகவே எச்சரித்தான். "கூட எந்த மீனையும் விடாதீங்க, முழுங்கிடும். கை நீளத்துக்கு மேல வளரும். மூடிமேல கனமா எதையாவது வைங்க. தாவும்."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"நல்லா வச்சிக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேலயும் இருக்கும்."

"அப்ப இதுதான்."

தொட்டியும் மீனும் வீட்டுக்கு வந்தபோது லூயி தலையில் கை வைத்துக்கொண்டான். "விராலா? கொழம்பு வைக்கிற மீனையா கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்க? நீ பாரிஸுக்கு வந்துட்டா இதுக்கு யாரு தீனி போடுறது?"

ஜெர்மேன் காதில் வாங்காமல் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

சில நாளிலேயே மீன் அவள் காலடி ஓசையைக் கண்டுகொண்டது. இடுக்கியில் நீட்டும் இறாலை வந்து வாங்கிக்கொள்ளும். லூயி கிட்டே போனால் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அது அவனுக்கு உறுத்தியது. ஒருநாள் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, ரொட்டித் துண்டோடு மூடியைத் தூக்கினான். விரால் துள்ளி, அவன் தோளில் மோதித் தரையில் விழுந்தது.

ஜெர்மேன் உள்ளே வந்தபோது லூயி நாற்காலிமேல் நின்றிருந்தான். மீன் நெளிந்து நெளிந்து அலமாரிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அவள் துண்டை நனைத்துக்கொண்டு மண்டியிட்டாள். பிடித்த பிடியில் மீன் அவள் கட்டைவிரலைக் கவ்வியது. ரத்தம் வழிந்தது. அவள் விடவில்லை. அப்படியே தூக்கித் தொட்டியில் விட்டு மூடியைச் சாத்தினாள்.

"பாத்தியாக்கா, சோறு போட்ட கையையே கடிக்குது!"

"கடிக்கட்டுமே. அது பயந்துபோச்சு. கடிக்காத மீன் வேணும்னா நான் தங்கமீன் வாங்கியிருப்பேனே." விரலைத் துணியால் சுற்றினாள். அன்று காப்பி வேளையில் சொல்லாததை இப்போது சொன்னாள். "இன்னொண்ணும் கேட்டுக்க. அவருக்காக மட்டும் நான் இங்க இருக்கலடா. அவரு பிரெஞ்சுக்காரரா இருந்திருந்தாலும் நான் அந்த ப்ளேன்ல ஏறியிருக்க மாட்டேன். இது என் ஊரு."

லூயி நாற்காலியிலிருந்து இறங்கினான். முகம் சுருங்கிப்போயிருந்தது. "அம்மா கடைசி வரைக்கும் உன் பேரையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு, தெரியுமா?"

"தெரியும். அதுக்கு நான் அழுதிருக்கேன். அழுதேங்கிறதால நான் செஞ்சது தப்புன்னு ஆயிடாது."

அவன் ஈரத் தரையைத் தானே துடைத்தான்.

ஊருக்குத் திரும்பும் நாளன்று லூயி இடுக்கியால் ஓர் இறாலை நீட்டினான். விரால் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டது. அக்காளை வா என்று அவன் கூப்பிடவில்லை. கட்டிக்கொண்டு அழுதான், போனான்.

மீன் வளர்ந்தது. பெரிய தொட்டி தேவைப்பட்டபோது, மாடி இந்தப் பாரம் தாங்காது என்று குடியிருப்புத் தலைவர் தடுத்தார். ஜெர்மேன் ஒரு கொத்தனாரை அழைத்துவந்து எந்தச் சுவர் தாங்கும் என்று அவர் எதிரிலேயே தட்டிப் பார்க்கச் சொன்னாள். தாங்கக்கூடிய சுவரோரம் அவளது கட்டில் கிடந்தது. அன்றே கட்டிலைச் சமையலறைப் பக்கம் நகர்த்தினாள்.

லூயி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுகிறான். முதலில் மீனைத்தான் விசாரிக்கிறான்.