வாய் கொப்பளிக்காத நாள்

“எனக்கு” என்றுதான் திலகவதி தொடங்குவார். எனக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சூடான கம்பி ஓடுகிறது. எனக்கு உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. எனக்கு மனைவி இறந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, நெற்றியில் திருநீறு துலங்க, இவற்றையெல்லாம் சலனமற்ற மலாயில் சொல்லிக்கொண்டிருப்பார். இவற்றைத் தமிழில் சொன்ன ஆள் அவருக்கு முதுகைக் காட்டி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

புக்கிட் பெருவாங்கில் கடைவீடு ஒன்றின் மாடியில் அந்த வலி மதிப்பீட்டு நிலையம் இருக்கிறது. வேலையில் அடிபட்டு, எலும்பு கூடிய பிறகும் வலி போகாதவர்களை அங்கே அனுப்புவார்கள். வலியில் எவ்வளவு உடம்பில், எவ்வளவு மனத்தில், எவ்வளவு நாக்கில் இருக்கிறது என்பதை உளவியலாளர் கேள்விகள் கேட்டு அளந்து எழுதுவார். தோட்டங்களிலிருந்து வரும் நம்மவர்களிடம் பாசாரில் மீன் வாங்கப் போதுமான மலாய் உண்டு. வலியைச் சொல்லப் போதுமானது இல்லை. கூட்டித் துடைக்கத்தான் திலகவதி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். மொழிபெயர்ப்பவர் ஒருநாள் வராமல் போகவே, துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அதன்பின் இரண்டு வேலையும் அவருடையவை ஆயின.

நோயாளியின் இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் உட்காருவார். பார்வை பிடரியில் இருக்கும், முகத்துக்குப் போகாது. காரணம் கேட்டேன். “மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும் தம்பி. பாவம் வந்துருச்சுன்னா நம்ம பேச்சும் உள்ள பூந்துரும். சொன்னத சொல்லணும். கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது.”

ஒவ்வோர் ஆள் முடிந்ததும் கீழே இறங்கி, கட்டடத்தின் பின்புறக் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு வருவார். அதைச் செய்யாமல் தேநீர்கூட அருந்த மாட்டார். அடுத்தவர் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு எதையும் விழுங்கக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு.

நான் அவரைத் தேடிப் போனது சண்டை போட. தொழிற்சாலையில் தோள்பட்டை இறங்கி, அதே நிலையத்தில் மதிப்பிடப்பட்டு, ‘வலியை மிகைப்படுத்திக் கூறுகிறார்’ என்று எழுதப்பட்டவன் நான். அந்த அறிக்கையின் நகலை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு, பெம்பானில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். எனக்கும் அந்த வாக்கியத்துக்கும் நடுவில் இருந்த ஒரே வாய் அவருடையது.

“நான் சொன்னத அப்படியே சொன்னீங்களாக்கா?”

அவர் நெத்திலித் தலைகளைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. “நீ தோள்பட்டதானே? தீபாவளி முடிஞ்சு வந்தே. சளி புடிச்சிருந்துச்சு ஒனக்கு.”

பிறகு சொல்லத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் அந்த அறையில் சொன்னவை, சொன்ன வரிசையில் வந்தன. குரல் தாழ்ந்து, சொற்கள் என்னைப்போலவே பாதியில் தயங்கின. அன்று நான் இருமிய இடத்தில் அவர் இருமினார். நடுவில் ஓரிடத்தில், “ஆமாங்க, நகமும் வலிக்குதுங்க” என்றார். நான் உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அது பொறிக் கேள்வி. ‘உங்களுக்கு நகமும் தலைமுடியும்கூட வலிக்கின்றனவா?’ என்று மற்ற கேள்விகளுக்கு நடுவே, அதே தொனியில் கேட்பார்கள். நகத்துக்கும் முடிக்கும் வலி தெரியாது. ஆமாம் என்பவர் மிகைப்படுத்துகிறார் என்று கணக்கு. இந்த விவரத்தைப் பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கேட்டாலும் வேலை வாங்கும் மண்டோர் கேட்டாலும் நமக்குத் தெரிந்த மரியாதை ‘ஆமாங்க’ ஒன்றுதான். இல்லை என்பது எதிர்த்துப் பேசுவது. நாற்காலியில் அமர்ந்து, சட்டைப்பையில் பேனா வைத்திருப்பவர் கேட்டால் நகமும் வலிக்கத்தான் வேண்டும்.

“எழுதுனது அவங்க. எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டே, இப்ப நீதான் தே ஓ போட்டுத் தரணும்,” என்றார் திலகவதி. பால் விடாத தேநீரைப் போட்டுக் கொடுத்தேன். பழக்கம் அப்படித் தொடங்கியது.

அவர் மொழிபெயர்த்த கடைசி ஆள் பெரியதம்பி. அலோர் காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். குலை முதுகில் விழுந்தது. எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாங்க’ என்றார். பொறிக் கேள்விக்கும் அதையே சொன்னார். அதையும் திலகவதி, கூட்டாமல் குறைக்காமல், மலாயில் சொன்னார். எனக்கு நகமும் வலிக்கிறது, முடியும் வலிக்கிறது.

அது முடிந்து திலகவதி கீழே இறங்கும்போது, காலையில் அவரே துடைத்த படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல். சில மாதங்களில் எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே படம் காட்டியது. வலி போகவில்லை.

இதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருக்கிறார். “வாயக் கொப்பளிக்கப் போற வழியிலதானே விழுந்தேன்? அந்தாளு பேச்சு உள்ளயே நின்னுருச்சு.” நான் இதை நம்புகிறேன் என்று எழுதவில்லை. அவர் சொன்னார் என்று எழுதுகிறேன்.

வலி இடுப்பில் தொடங்கி, இறங்கி, கால் விரல்களுக்கு வந்தது. அங்கே நிற்காமல் நகங்களுக்குப் போனது. வாழைப்பூ நறுக்கியும் மீன் கழுவியும் எப்போதும் ஒட்ட வெட்டிய நகங்களாக இருந்தவை வளரத் தொடங்கின. மருமகள் ஷாந்தினி முதலில் கேலி செய்தாள்.

“நகத்துக்கெல்லாமா சாக்கிட் வரும்? ஓவர்லா அத்தை. அங்க வர்றவங்களப் பாத்துப் பாத்து நீங்களும் கத்துக்கிட்டீங்க.”

“ஆமாடி, சம்பளம் வாங்கிக்கிட்டே கத்துக்கிட்டேன். ஒனக்கும் சொல்லித் தரவா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாந்தினி நகவெட்டியோடு மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள். நான் அன்று அங்கே இருந்தேன். சுண்டுவிரல் நகத்தின் வெள்ளை நுனியில், சதையைத் தொடாத இடத்தில், நகவெட்டி கடித்தது. திலகவதி கத்தவில்லை. ஓர் ஆணின் முனகல் கேட்டது. நான் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. ஷாந்தினி நகவெட்டியை மூடி அலமாரிக்குள் வைத்தாள்; அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

வலியைத் தணிக்க நரம்பில் ஊசி போடும் சிகிச்சை ஒன்று உண்டு. மருத்துவமனை அதை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. உளவியல் மதிப்பீட்டில் வலி உண்மை என்று தேற வேண்டும். தேறாதவர்களை மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். “மண்டையிலதான் கோளாறுன்னு ஒரு தடவ எழுதிட்டா முடிஞ்சுச்சு தம்பி. அப்புறம் எங்க போயி கால் வலிக்குதுன்னு சொன்னாலும் மண்டையத்தான் பாப்பாங்க,” என்றார். எனக்குத் தெரியாததல்ல.

ஆகவே சென்ற மாதம், மதிப்பீட்டு நாளில், நானும் துணைக்குப் போனேன். மருத்துவமனை நடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெயர் அழைக்கக் காத்திருந்தோம். திலகவதி இரு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தார், நகங்கள் எதிலும் படாதபடி.

“நகத்தைப் பத்திக் கேட்டா இல்லைன்னு சொல்லிருங்கக்கா.”

“வலிக்குதே.”

“வலிக்கட்டும். இல்லைன்னு சொன்னாத்தான் ஊசி. ஆமான்னு சொன்னா நடிப்புன்னு எழுதிருவாங்க. என்னைய எழுதுன மாதிரி.”

“பொய் சொல்லித்தான் நெசத்த நம்ப வைக்கணுமா? நல்ல ஆளுலா நீ.” சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் உதடுகள் அசைந்தன. “எனக்குக் கேள்வி எல்லாம் தெரியும் தம்பி. பதிலும் தெரியும். யாரோட பதில்னுதான் தெரியல. வாயத் தொறந்தா எது வரும்னு பயமா இருக்கு.”

“உங்களோடதத் தேடிச் சொல்லுங்க.”

“தேடித்தான் பாக்குறேன். எல்லாரும் உக்காந்திருக்காங்க உள்ள.”

பெயர் அழைக்கப்பட்டது. அதிகாரி இளைஞர், மலாய்க்காரர், பணிவானவர். எழுந்து நின்று, “உட்காருங்கள், ஆண்ட்டி” என்றார். மேசைக்கு எதிரே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றும், அதற்குப் பின்னால் துணைக்கு வருபவருக்கான சிறிய நாற்காலியும் இருந்தன. திலகவதி நேராகப் போய்ச் சிறிய நாற்காலியில் அமர்ந்தார். இடுப்புக்கு அதுதான் தோதாக இருக்கிறது போலும் என்று அந்த இளைஞர் நினைத்திருக்க வேண்டும்; கோப்பைத் திறந்தார். நான் கதவோரம் நின்றேன்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே நடந்தது. பெயர், வயது, விழுந்த விதம், உறக்கம், பசி. திலகவதியின் மலாய் தெளிவாக, தேவையான அளவுக்கு வந்தது. இவர் தேறிவிடுவார் என்று நினைத்தேன். அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். முந்தைய கேள்விகளின் தொனியிலேயே, தலை நிமிராமல், அடுத்ததைக் கேட்டார்.

“உங்களுக்கு நகமும் தலைமுடியும்கூட வலிக்கின்றனவா?”

திலகவதி மெதுவாக முன்னால் சாய்ந்தார். ஆள் உட்கார்ந்திருந்தால் பிடரி இருக்கும் உயரத்தில் பார்வையை நிறுத்தி, யாருமில்லாத அந்தக் கைப்பிடி நாற்காலியிடம் தமிழில் கேட்டார்.

“ஏம்மா, நகமும் முடியும்கூட வலிக்குதான்னு கேக்குறாங்க. என்னா சொல்லட்டும்?”

அதிகாரி நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

திலகவதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. காதைச் சாய்த்தபடி, எதையோ கேட்டுத் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே, வளர்ந்த நகங்களோடு இருந்த இடக்கையை மட்டும் மேசையை நோக்கி உயர்த்தி, சற்றுப் பொறுக்கும்படி காட்டினார்.