முத்திரை கேட்டு எழுதிய கடிதம்

முதியோர் இல்லத்தில் இருபத்தேழு வருடம் பராமரிப்பு வேலை செய்த சிவராசாவுக்கு ஒரு விதி இருந்தது. படுக்கையில் கிடக்கிறவரைப் புரட்டுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவேண்டும், சொன்னதைத்தான் செய்யவேண்டும். நோகாது என்று சொல்லிவிட்டு நோகப் பண்ணினால் அடுத்த தடவை அந்த மனிதர் உடம்பை விறைத்துக்கொள்வார். பிறகு இரண்டு பேருக்கும் இடுப்புப் போய்விடும். ஆகவே சிவராசா, "கொஞ்சம் நோகும், மூன்றுவரை எண்ணுவோம்" என்று தன் உடைந்த பிரெஞ்சில் சொல்லுவார். மற்றவர்களிடம் கத்துகிற கிழவிகள்கூட அவரிடம் உடம்பைத் தளர்த்திக் கொடுத்தார்கள்.

போன வருடம் ஓய்வு பெற்றார். அறுபத்து நாலு வயது. கனடாவின் பிரெஞ்சு பேசும் நகரொன்றில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் மூன்றாம் மாடி வீடு. மனைவி சிவநேசம் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். சனிக்கிழமைகளில் நூலக அறையில் கூடும் தமிழ் மூத்தோர் குழுவுக்கு இருவரும் போவார்கள். கதிரை அடுக்குவதும் தேத்தண்ணி ஊற்றுவதும் சிவராசாவின் பொறுப்பு. ஆளுக்கு எத்தனை கரண்டி சீனி என்று அவருக்குத் தெரியும். அதிகம் பேசமாட்டார்.

அவர் எப்படிக் கனடாவுக்கு வந்தார் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். எண்பத்தாறாம் ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிப்புகாருக்குள், ஒரு கப்பல் இறக்கிவிட்டுப் போன இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நூற்றைம்பத்தைந்து தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து மீன்பிடிகாரர் கண்டு அவர்களைக் கரை சேர்த்தார்கள். அதில் சிவராசாவும் ஒருவர். யாராவது கேட்டால், "ஓம், நானும் வந்தனான்" என்பார். அதற்குமேல் வாய் திறப்பதில்லை.

அந்த வாயைத் திறக்க வைத்தவர் சண்முகவேல். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். வயது எண்பத்தொன்று. பதினெட்டு ஆல்பம் நிறைய முத்திரை வைத்திருக்கிறார். மார்ச் மாதச் சனிக்கிழமையொன்றில் அதில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். தோணி, ரயில்பாதை, கம்பளிப் போர்வை, பழைய கலங்கரை விளக்கு, தீபாவளி விளக்கு என்று இந்த நாடு எதையெல்லாம் தன்னுடைய மரபென்று நினைக்கிறதோ அதெல்லாம் சின்னச் சின்னச் சதுரமாக உள்ளே இருந்தன. ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதைப் பாருங்க. கோமகாட்டா மாரு. நூறு வருஷத்துக்கு முன்னாடி வான்கூவர்ல இருந்து திருப்பி அனுப்பின கப்பல். அதுக்கு ஸ்டாம்ப் போட்டிருக்காங்க. திருப்பி அனுப்பினதுக்கே போட்டவங்க, கரையேத்தினதுக்குப் போட மாட்டாங்களா? நாம தபால் துறைக்கு எழுதிக் கேப்போம். யார் வேணா கேக்கலாம்."

"இந்த ஆகஸ்டுக்கு வருமோ, புரொபசர்?" என்று கேட்டாள் சிவாஜினி. நூலகத்தில் வேலை செய்கிறவள். குழுவை நடத்துவதும் அவள்தான். அந்த அறையில் நாற்பதுக்குக் கீழே வயதுள்ள ஒரே ஆள்.

"இந்த நாற்பதாவது வருஷத்துக்கு வராது. ஐம்பதுக்கு வரலாம். அப்ப நான் இருக்க மாட்டேன். அதனால என்ன, ஸ்டாம்ப் இருக்கும்."

அன்றைக்கே படச்சண்டை தொடங்கியது. ஒருவர் பனைமரம் வேண்டுமென்றார். ஒருவர் கோயில் கோபுரம். இன்னொருவர் யாழ். அதோடு மேப்பிள் இலையும் அலையும் படகும் விடியற்காலைச் சூரியனும். சிசிலி அக்கா பொறுத்துப் பார்த்தார். எழுபத்தாறு வயது, குருநகரில் கடற்றொழில் வீட்டில் பிறந்தவர், சபனெல் தெருத் தையல் ஆலைகளில் முப்பது வருடம் இருந்தவர். கைப்பையிலிருந்து அளவு நாடாவையும் கத்தரிக்கோலையும் எடுத்து, நாலு சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் கடதாசி வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தார்.

"இந்தாங்கோ. இதுக்குள்ள கீறுங்கோ உங்கட பனையையும் கோபுரத்தையும். சட்டைக்குப் பொத்தான் வைக்கிற இடத்தில சீலை விரிக்கப் பாக்கிறியள்."

யாழ் கேட்டவர் கீறியதைப் பார்த்துவிட்டுச் சிவநேசம், "இது என்ன, முட்டைப்பொரியலோ?" என்று கேட்டதில் அவர் பென்சிலை வைத்துவிட்டார். அன்று எதுவும் முடிவாகவில்லை.

அடுத்த கிழமை சண்முகவேல் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்து தமிழில் சொல்லிக்காட்டினார். "சாவுக்கு அஞ்சாத நூற்றைம்பத்தைந்து வீரர்கள் தாயகத்திலிருந்து பெருங்கடலைக் கடந்து கனடாவின் கதவைத் தட்டினார்கள்" என்று தொடங்கியது. கீழே, அந்தப் படகில் இருந்தவர் என்ற முறையில் சிவராசா ஒப்பமிட இடம் விட்டிருந்தது. அவருடைய ஒப்பம் இல்லாவிட்டால் அது முத்திரை சேர்க்கிற ஒரு கிழவரின் ஆசைக் கடிதம், அவ்வளவுதான்.

சிவராசா கேத்திலை வைத்துவிட்டு வந்தார்.

"நாங்கள் ஒண்டையும் கடக்கேல்ல, புரொபசர். கப்பல்தான் கடந்தது. நாங்கள் கீழ்த்தட்டில கிடந்து சத்தி எடுத்தனாங்கள்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தாயகத்திலயிருந்தும் வரேல்ல. ஜெர்மனியிலயிருந்து ஏறினாங்கள். ஏத்தினவங்கள், இந்தியாவிலயிருந்து வந்ததெண்டு சொல்லச் சொல்லித் தந்தவங்கள். அப்பிடியே சொன்னனாங்கள்."

"தெரியும் சார். அது அப்பவே பேப்பர்ல வந்தாச்சு. கவர்மென்ட்டும் தெரிஞ்சுதான் இருக்க விட்டாங்க. ஆனா அதை நாமளே ஏன் எடுத்துக் கொடுக்கணும்? ஸ்டாம்ப் தேர்ந்தெடுக்கற கமிட்டி ஃபைலை மூடிடுவாங்க."

"அண்ணை, இண்டைக்கும் அகதியளைப் பற்றி ஆக்கள் என்னென்ன எழுதுகினமெண்டு பாக்கிறியள்தானே?" என்றாள் சிவாஜினி. "அதுக்குள்ள நாங்களே விறகு போடுறதோ?"

"பாக்கிறன், பிள்ளை. அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு எழுதாமலும் விடலாம். ஆனால் தாயகத்திலயிருந்து எண்டு எழுதினால் அதே பொய்யைத் திரும்பவும் சொல்லுறன். ஒருக்காச் சொன்னது காணும். இதில என்ர பேரைப் போடாதேங்கோ."

தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். கதிரைகளை அடுக்கினார். சண்முகவேல் கடிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். எண்பத்தொரு வயதில் ஒரு மனிதருக்குக் கிடைத்த புது உற்சாகம் அதற்குள் மடிந்து போனதைச் சிவராசா பார்க்காமல் இல்லை. இருவரும் 105ஆம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள்.

சிவநேசம் பீற்றூட் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"உந்தப் பொய் ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொய். நூற்றைம்பத்தைஞ்சு பேர் சொன்னது. நீங்கள் மட்டும் ஏன் அதைச் சுமந்துகொண்டு திரியிறியள்?"

சிவராசா அப்போதுதான் சொன்னார். முப்பத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல் தடவை. மீன்பிடிப் படகில் அவரைத் தூக்கி ஏற்றியது ஒரு தடித்த மனிதர். தாடியில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. குளிரில் சிவராசாவின் விரல்கள் மடங்கவில்லை. கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அந்த மனிதர் தன் இரண்டு கையாலும் அவருடைய கைகளைக் கோப்பையோடு சேர்த்துப் பிடித்துப் பருக்கினார். பாதி குடித்த பிறகு, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கைகள் இன்னும் கோப்பையைப் பிடித்திருக்கும்போது சிவராசா, இந்தியா என்றார்.

"அதிகாரிக்குச் சொன்னது வேற. அது பயத்தில சொன்னது, பிறகு திருத்தியாச்சு. அந்தாளுக்குச் சொன்னதைத் திருத்தேல்ல. பேரும் கேக்கேல்ல. எழுதுவமெண்டால், எழுதி ஏதும் பிரச்சினை வந்து பிடிச்சு அனுப்பிப்போடுவாங்களெண்டு முதல் பயம். பேந்து வெக்கம்."

சிவநேசம் கத்தியை வைத்தார். சமையலறை மேசையில் கிடந்த மருந்துக்கடை விளம்பரத் தாளைப் பின்புறம் திருப்பி, பேனையோடு அவருக்கு முன்னால் தள்ளினார்.

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? இதில எழுதுங்கோ. நான் கறியை வைச்சுப்போட்டு வாறன்."

கறி இறக்குவதற்குள் எழுதி முடித்துவிட்டார். பன்னிரண்டு வரி. வேலைத்தலத்தில் ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதிப் பழகிய கை. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் இருந்தார்கள் என்று மட்டும்.

அடுத்த சனிக்கிழமை அதை வாசித்தார். சண்முகவேல் காதில் போட்டிருந்த கருவியைச் சரி செய்துகொண்டு கேட்டார். முடிந்ததும் பேசியது சிசிலி அக்கா.

"தம்பி, அவன் உன்னைத் தூக்கேக்க என்ன கேட்டவன்?"

"ஒண்டும் கேக்கேல்ல அக்கா."

"எங்கயிருந்து, ஏன் வந்தனீ, கடதாசி இருக்கோ... ஒண்டும்?"

"தேத்தண்ணி குடிச்சாப்பிறகுதான் கேட்டவர்."

"அதுதானே. கடலில அண்டைக்கு வலை விட்ட உழைப்பை விட்டுட்டு முதல்ல ஆளைத் தூக்கியிருக்கிறான். பேந்துதான் கேட்டிருக்கிறான். நீ சொன்னது உண்மையோ பொய்யோ, அதுக்கு முதலே அவன் தன்ர வேலையைச் செய்து முடிச்சிட்டான். புரொபசர், முத்திரை கேக்கிறதெண்டால் இதுக்கல்லோ கேக்கவேணும். இந்தப் பொய்யை எடுத்துப்போட்டால் அவன் செய்தது பாதி குறைஞ்சுபோம்."

"ஆனா சிசிலி, அப்ப ஸ்டாம்ப்ல நாம எங்க இருக்கோம்? மீன்பிடிக்கிறவரைத்தான் போடணும்னா, தமிழர் வந்த கதையில தமிழரே இல்லையே."

இது நியாயமான கேள்விதான். யாழ் கேட்டவரும் கோபுரம் கேட்டவரும் தலையாட்டினார்கள்.

சிசிலி அக்கா சிவராசா பக்கம் திரும்பினார். "நீ இருந்த இடத்திலயிருந்து என்ன தெரிஞ்சது? அதை மட்டும் கீறு."

சிவராசாவுக்குப் படம் கீற வராது. கடதாசித் துண்டின் கீழ் ஓரத்தில் குறுக்காக ஒரு தடித்த கோடு இழுத்தார். அது உயிர்காப்புப் படகின் விளிம்பு. மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார், அது புகார். நடுவில் ஒரு படகின் மூக்கு, அதன் மேலிருந்து சாய்ந்து இரண்டு கைகளை நீட்டும் ஒரு மனிதர். முகம் இல்லை. அவ்வளவுதான்.

துண்டு கைமாறிப் போனது. சண்முகவேல் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். அந்தக் கைகள் தன்னைத்தான் தூக்க வருவதுபோல அவருடைய தலை கொஞ்சம் பின்னால் போனது.

"ஓ," என்றார். "நாம இந்தப் பக்கம் இருக்கோம்."

பிறகு பேனாவை எடுத்து வீரர்களை வெட்டினார். பெருங்கடலை வெட்டினார். தாயகத்தை வெட்டி ஜெர்மனி என்று எழுதினார். அதற்கே ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பெருமூச்சு விட்டார், சிவநேசம் ஒவ்வொரு பெருமூச்சுக்கும் ஒரு வடையை அவர் பக்கம் நகர்த்தினார். கடைசியில் கடிதத்தின் நடுவில் ஒரு பந்தி இப்படி நின்றது: நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று கேட்டபோது உண்மையைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்பதற்கு முன்பே எங்களைத் தூக்கிவிட்டிருந்தார்கள். இந்த முத்திரையை நாங்கள் கேட்பது அதற்காக.

"மூடுறதுன்னா மூடட்டும் ஃபைலை," என்றார் சண்முகவேல். "நல்ல லெட்டர். நான் எழுதினதுல நல்லது இதுதான். பாதிக்கு மேல நான் எழுதல."

சிவராசா ஒப்பமிட்டார். சிவாஜினி அதை நூலக இயந்திரத்தில் பிரதி எடுக்கும்போது, "பிள்ளை, எனக்கும் ஒண்டு," என்றார்.

திங்கட்கிழமை சிவநேசத்துக்கு வேலை பிற்பகலில்தான். இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள்; தபால் கவுண்டர் அதன் பின்பக்கம். சிவநேசம் சவர்க்காரம் வாங்கப் போய்விட்டார். கவுண்டரில் இருந்த பெண், "பொன்ஜூர்" என்று பெரிய உறையை நிறுத்தாள். முத்திரை கேட்கும் கடிதத்துக்குச் சாதாரண ஒட்டுத்தாளா ஒட்டுவது, படமுள்ள முத்திரைதான் வேண்டும் என்று சண்முகவேல் கட்டளை போட்டிருந்தார். ஆகவே படமுள்ளது ஒட்டினாள்.

சிவராசா கோட்டுக்குள்ளிருந்து இரண்டாவது உறையை எடுத்தார். உள்ளே கடிதத்தின் பிரதியும் அந்தப் பன்னிரண்டு வரியும் இருந்தன. வரிகளை மகளிடம் தொலைபேசியில் சொல்லி ஆங்கிலத்தில் எழுதுவித்திருந்தார். உறையின் வெளியே முகவரியாக ஒரு கரையோர ஊரின் பெயர் மட்டும் இருந்தது. அதற்கு மேல்: 1986 ஆகஸ்டில் எங்களைத் தூக்கிய படகுக்காரருக்கு, அல்லது அவருடைய வீட்டாருக்கு.

அந்தப் பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெயர் இல்லையா, மொசியு? தெரு?"

"பெயர் கேட்கவில்லை," என்றார் சிவராசா பிரெஞ்சில். "நான் கேட்டிருக்க வேண்டும். அதையும் உள்ளே எழுதியிருக்கிறேன்."

"நாற்பது வருடமாகிறதே."

"ஆம். தாமதம்தான்."

அவள் கணினியில் எதையோ தேடி, ஊரின் பெயருக்குக் கீழே தபால் குறியீட்டைத் தன் கையால் எழுதினாள். "சின்ன ஊர்போல. அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும்," என்றாள். பிறகு முத்திரைத் தாள்களை விரித்து, எது வேண்டும் என்று கேட்டாள். பறவை இருந்தது, பூ இருந்தது, பழைய ஹொக்கி வீரர் ஒருவர் இருந்தார்.

சிவராசா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பூவைக் காட்டினார். தானே ஒட்டி, பெருவிரலால் நாலு மூலையையும் அழுத்தி, அவள் கையில் கொடுத்தார்.

சிவநேசம் சவர்க்காரப் பையோடு வாசலில் நின்றார்.

"ரெண்டையும் போட்டாச்சோ?"

"உமக்கு ஆர் சொன்னது ரெண்டெண்டு?"

"மகள்தான். வேற ஆர்? சரி, போட்டாச்சோ?"

"ஓம்."

"அப்ப கெதியா வாங்கோ. பஸ் வருது."