கதவுக்குப் பின்னால் நின்ற முதலாளி

சாக்பீஸ் மாவு கையைத் தின்றுவிடும். தண்ணீர் பட்டதும் சூடேறும். உடனே அச்சில் ஊற்றி வழித்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் சட்டியோடு கல்லாகிவிடும். என் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். புளிக்குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் எரியும்.

தொண்ணூறுகளில் தச்சநல்லூரில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் இந்த வேலையைச் செய்தேன். கணவர் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளை இதில்தான் வளர்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் கரும்பலகையில் எழுதியது என் சாக்பீஸ்தான். பெட்டியில் மட்டும் என் பெயர் இருக்காது. கடைத்தெரு அண்ணாச்சி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டு, தன் பெட்டியில் அடுக்கி, சர்க்கார் பள்ளிகளுக்கு அனுப்புவார். அவர் சொன்ன விலைதான். “மழைக்காலம், சாக்பீஸ் ஈரமா இருக்கு” என்று அதிலும் குறைப்பார்.

பக்கத்து வீட்டில் குடியிருந்த டீச்சர்தான் விவரம் சொன்னார். பெண் நடத்தும் சிறுதொழில் என்று பதிந்து சான்றிதழ் வாங்கினால் நாமே டெண்டர் போடலாம், முன்பணம் கட்ட வேண்டாம் என்றார். விண்ணப்பத்தையும் அவரே எழுதித் தந்தார். அந்தக் காகிதம் கிடைத்தால் அண்ணாச்சி கடை வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விண்ணப்பம் கொடுத்தபின் அதிகாரி பார்வையிட வரவிருந்த அன்று விடியுமுன் எழுந்து பின்கட்டைக் கழுவினேன். அச்சுகளுக்கு எண்ணெய் தடவி வரிசையாக வைத்தேன். ஜீப் சத்தம் கேட்டதும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நல்ல காரியத்துக்கு ஒருவர் வரும்போது தாலி இல்லாதவள் எதிரே நிற்கக் கூடாது என்றுதான் என்னை வளர்த்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பேனாவைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நானே நம்பினேன். சைக்கிளில் சரக்கு கொண்டுபோகும் கொழுந்தனை, வெள்ளை வேட்டி கட்டச் சொல்லி முன்னால் நிறுத்தியிருந்தேன்.

“மாவுக்குத் தண்ணி எவ்வளவு?” என்று அதிகாரி கேட்டார்.

“சரிபாதி சார்” என்றான் கொழுந்தன்.

“மூணுக்கு ரெண்டுலே” என்றேன் நான், கதவிடுக்கு வழியாக.

“மூணுக்கு ரெண்டு சார்.”

“உள்ள யாருப்பா?”

“எங்க மைனி சார். அவுக வெளிய வர மாட்டாக.”

“அப்ப தொழில் யாரு பாக்கறது?”

பயந்துபோய் அவன் சொன்னான்: “எல்லாம் நாந்தான் சார் பாக்குதேன்.”

எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னான், பாவம். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். பெண்ணின் பெயரில் ஆண் நடத்தும் தொழில் என்பதால் சான்றிதழ் தர இயலாது என்று இருந்தது. மாவு காய்ந்த கையோடு அதைப் பிடித்திருந்தேன். அழுகை வரவில்லை.

மறுநாள் தனியாகப் பஸ் ஏறி அந்த ஆபீசுக்குப் போனேன். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தூணோரம் நின்றபோது, அதிகாரியின் அறைக்குள்ளிருந்து அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வந்தார்.

“என்ன தாயி, இங்கன? சர்க்காரு வாசல்ல உனக்கென்ன சோலி?”

அவர் கையில் புதுப்பித்த சான்றிதழ். அவர் மனைவி பெயரில். பெண் நடத்தும் சாக்பீஸ் தொழிற்கூடம். அந்த அம்மாளை எனக்குத் தெரியும். அவர் சட்டியைத் தொட்டதே கிடையாது. பார்வையிட வந்த அன்று பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றாராம். அதை அண்ணாச்சியே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அதிகாரியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. மேசையில் அண்ணாச்சி தன் சரக்கென்று கொடுத்த மாதிரிப் பெட்டி. என் கால்கள் உள்ளே போய்விட்டன. பெட்டியைத் திறந்து கிளறினேன். என் அச்சில் ஒரு துளையில் கீறல் உண்டு. அதில் விழுகிற சாக்பீஸில் நூல் போல ஒரு வரி எழும்பி நிற்கும். அப்படி இரண்டு எடுத்து அதிகாரி முன்னால் வைத்தேன்.

“இது நான் ஊத்துனது சார்.”

பின்னாலேயே வந்த அண்ணாச்சி, “எல்லாச் சாக்பீஸும் வெள்ளதான் சார். இந்தம்மா சுண்ணாம்பையும் தன்னுதுன்னு சொல்லுவாக” என்றார்.

அதிகாரி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அச்சு எங்க வீட்ல கெடக்கு. வந்து பாருங்க. நான் ஊத்திக் காட்டுதேன். அவுக வீட்டம்மாளையும் ஊத்தச் சொல்லுங்க.”

வாழ்நாளில் ஓர் அந்நிய ஆணிடம் நான் அவ்வளவு பேசியதில்லை. மறு ஆய்வுக்கு மனு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன், என் கோணல் எழுத்தில்.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து மாவு கலக்கி, ஊற்றி, வழித்து, அச்சைக் கழற்றிக் காட்டினேன். வரி விழுந்த சாக்பீஸை எடுத்து அதிகாரி வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டு போனார்.

சான்றிதழ் வந்தது. வருவதற்குள் அந்த வருஷத்து டெண்டர் முடிந்துவிட்டது. அண்ணாச்சி மனைவிக்குத்தான் ஆர்டர். மாதிரிப் பெட்டியைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். “பழச மனசுல வச்சுக்கிடாத தாயி. பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது. விலைய கூடப் போட்டுத் தாரேன்.”

வீட்டில் அரிசி அன்றைக்கு மட்டும்தான் இருந்தது. கொழுந்தன் கண்ணைக் காட்டினான், ஒத்துக்கொள்ளச் சொல்லி.

“ஆர்டர் வாங்குனவுகளையே ஊத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. மூணுக்கு ரெண்டு தண்ணி” என்றேன்.

அவர் வெளியூரிலிருந்து தருவித்துச் சமாளித்துக்கொண்டார். எனக்குத்தான் கஷ்டம். அந்த வருஷம் முழுக்க டியூஷன் வீடுகளுக்கும் பெட்டிக்கடைகளுக்கும் கூடையில் சுமந்து விற்றேன். அடுத்த வருஷம் டெண்டர் பெட்டியில் கவரைப் போட நானே போனேன். கொழுந்தனை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டேன்.