பேரிங்கில் சோப்பு வாசனை

கிள்ளான் வெள்ளத்தன்று பழைய காரைத் தம் அம்மா வீட்டு வாசலில் விட்டிருந்தவர் ஆன்டி. பிரிக்பீல்ட்ஸில் என் கார் பட்டறைக்கு வந்தும் அவர் கணவர், அங்கிள், அவரைத் திட்டுவதை விடவில்லை.

"பின்சக்கரம் ஊளையிடுது பாரு! வெள்ளத்தண்ணிதான்னா இனி சாவியத் தொடாத."

சக்கரம் சுழலும் பேரிங்கைக் கழற்றினேன். வெள்ளம் புகுந்திருந்தால் சேறு இருக்கும். சேறே இல்லை, கிரீஸ் பாலாக வெளுத்து, கார் ஷாம்பு வாசனை அடித்தது. வாரந்தோறும் சக்கரத்துக்குள் ஜெட் குழாயில் சோப்புத்தண்ணி பீய்ச்சிக் கழுவுபவர் அங்கிள்தான்.

அவரைத் தனியே அழைத்துக் காட்டினேன். "வெள்ளம்னே சொல்லிடு லா, தம்பி" என்றார்.

ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வாய் என்னுடையது. "வெள்ளந்தான் ஆன்டி" என்றேன்.

"என் தப்புதாங்க" என்று ஆன்டி கணவரிடம் மன்னிப்புக் கேட்டார். அங்கிள் கையை நீட்டினார். ஆன்டி கைப்பையில் சாவியைத் தேடத் தொடங்கினார். நான் புது பேரிங்குக்கு கிரீஸ் தடவினேன்.