கிடங்குக்கு ஒரு கிளெய்ம்

ஒரு நாள் காலை மஞ்சள் ஜாக்கெட் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் எங்கள் தெருவில் நிலத்தைப் பார்த்தபடி நடந்து வந்தான். கையில் ஒரு தடி. தடியின் நுனியில் சின்னச் சில்லு. நாலு எட்டு வைப்பான், நிற்பான், குனிவான். வேலைக்கு வெளிக்கிட்ட நான் கேற்றடியிலேயே நின்றுவிட்டேன். ஊரில் நான் கடைசியாக இருந்த காலத்தில் இப்படி நடந்தவர்கள் மிதிவெடி எடுக்கிறவர்கள். அவர்கள் வந்தால் சனம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும். அவர்கள் கை காட்டும்வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். நானும் அசையவில்லை. அவன் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து, பெயின்ற் டின் ஒன்றை எடுத்து, றோட்டில் வெள்ளைப் பெட்டி ஒன்று கீறினான். பெட்டிக்குள் ஒரு கிடங்கு. சாப்பாட்டுக் கோப்பை அகலப் பள்ளம். "நடக்கலாமா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், கிடங்கைப் பார்த்தான். "இரண்டு கிழமை பொறு, செய்துவிடுவோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். இரண்டு கிழமை எப்படி நடக்காமல் இருப்பது என்று யோசித்துக்கொண்டு, பெட்டியைச் சுற்றிப் போனேன்.

றோட்டில் கிடங்கு தேடுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிற நாடு இது. ஊரில் கிடங்கு தேட வேண்டியதில்லை. கிடங்குக்கு நடுவில் றோட்டைத் தேடுவோம். செல் விழுந்த இடத்தில் கல்லும் மண்ணும் நாங்களே போட்டு மூடுவோம். அதற்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவனைப் பிறகு கண்டதுமில்லை.

இரண்டு கிழமை போனது. ஒருவரும் வரவில்லை. 2009 மாசியில் பனி கொட்டியது. பஸ் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது. பனி கரைந்தபோது கிடங்கு பெருத்துவிட்டது. மேலே தண்ணி நின்றது. வெள்ளைப் பெட்டியும் தெரியவில்லை. எனக்கு லண்டனுக்கு வெளியே ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. பின்னேர ஷிப்டுக்குக் காரை எடுத்துத் திருப்பினேன். சத்தம் கேட்டது. அதன் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது பக்கத்து சீட்டில் குப்புறக் கிடந்தேன். இரண்டு கையும் தலைக்கு மேல். அடுத்த சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கிற கிழவர். நாயோடு நின்றார். ஒரு நாளும் கதைத்ததில்லை. இறங்கினேன். முன் சில்லு கிடங்குக்குள் இறங்கியிருந்தது.

"கவுன்சிலில் கிளெய்ம் பண்ணு" என்றார்.

"கிளெய்ம் பண்ணிவிட்டேன். பத்து வருசத்துக்கு முதல்" என்றேன்.

"பத்து வருசமா? இந்தக் கிடங்குக்கா?"

"முதல் இல்லை என்று சொன்னார்கள். பிறகு அப்பீல். பிறகு பாவம் பார்த்து விட்டார்கள்."

கிழவர் வாயைத் திறந்தபடி நின்றார். "ஒரு கிடங்குக்கு அப்பீலா!" என்றார். இந்த நாடு இப்படிப் போய்விட்டதே என்று நாயிடம் சொல்லிக்கொண்டு போனார்.

எங்கள் ஆட்களுக்குக் கிளெய்ம் என்றால் ஒன்றுதான். பிளேஸ்டோவில் கலியாண வீட்டுக்குப் போனாலும், சவுத்தாலில் சேலைக்கடை வாசலில் ஆளைக் கண்டாலும், "நீர் எப்ப கிளெய்ம் பண்ணினனீர்?" என்றுதான் கதை தொடங்கும். வந்திறங்கி, ஊருக்குத் திரும்பினால் உயிர் இல்லை என்று சொல்லி அகதியாகக் கை நீட்டுவது. அந்தச் சொல்லுக்கு வேறு வேலை உண்டு என்பது யோகன் சொல்லித்தான் தெரியும்.

யோகன் கராச் வைத்திருக்கிற பெடியன். ஜேர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், கீழே படுத்துப் பார்த்தான்.

"டயர் வெடிச்சுக் கிடக்கு. றிம் நெளிஞ்சு போச்சு. ஸ்பிரிங்கும் முறிஞ்சிட்டுது. அண்ணை, நீங்கள் கிடங்குக்கை விட்டனீங்களோ, கிணத்துக்கை விட்டனீங்களோ?"

"வீட்டு வாசல்லதான்."

"அப்ப கவுன்சிலுக்குக் கிளெய்ம் போடுங்கோ. அவங்கட றோட்டு, அவங்கட கிடங்கு. அவங்கள்தான் கட்டோணும்."

"அரசாங்கத்திட்டயோ கேக்கிறது?"

"பின்னை, அம்மன் கோயில்லயோ கேக்கிறது? ஜேர்மனியில எண்டா கிடங்கு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் டயரை உடைக்கும். போய் ஒரு படம் எடுங்கோ. அளவு தெரியிற மாதிரி ஏதும் உள்ளுக்கை வையுங்கோ."

வீட்டில் அளக்க என்ன இருக்கிறது? அரிசி அளக்கிற சுண்டு இருந்தது. பழைய பால்பேணிதான். அதைக் கொண்டுபோய்த் தண்ணியை இறைத்துவிட்டுக் கிடங்குக்குள் வைத்தேன். பேணி விளிம்புவரை மறைந்தது. போனில் படம் எடுத்தேன். நிமிர்ந்தால் மனுசி வசந்தா வாசலில் நின்றாள்.

"உங்களுக்கென்ன விசரோ? சோறு அளக்கிற சுண்டை றோட்டுக்கை வைச்சுக்கொண்டு நிக்கிறியள்!"

விசயத்தைச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. குடியுரிமை கேட்டுப் போட்ட எங்கள் இரண்டு பேருடைய சிற்றிசன்சிப் பேப்பரும் அப்போது இமிகிரேசனில் இருந்தது. அவளுடைய அம்மா திருச்சியில் அகதியாகப் போயிருந்து, விழுந்து, படுக்கையில் கிடந்தா. பாஸ்போட்டுக்குப் பதிலாக எங்களிடம் இருந்த பயணப் புத்தகத்துக்கு இந்தியாக்காரன் விசா குத்தவில்லை. இரண்டு தரம் கேட்டு இரண்டு தரமும் இல்லை. இந்த நாட்டுப் பாஸ்போட் வந்தால்தான் வசந்தா தாயின் முகம் பார்க்கலாம். அதுவரை தாய் இருக்க வேண்டும்.

"பேப்பரில என்ன கேட்டிருக்கிறாங்கள்? நல்ல நடத்தை எண்டு கேட்டிருக்கிறாங்கள். அரசாங்கத்துக்கு எதிரா வழக்குப் போடுறது நல்ல நடத்தையே?"

"இது கவுன்சில். அது இமிகிரேசன்."

"எல்லாம் ஒரு ஆள்தான். ஒருத்தன்ர இடது கையும் வலது கையும். நான் அம்மாவைப் பாக்கோணும். எனக்குக் கார் வேண்டாம்."

எனக்கும் பயம்தான். ஆனால் ஷெட்டுக்கு பஸ் இல்லை. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பாஸ்போட் வந்தும் திருச்சிக்கு டிக்கெட் இல்லை. இதை அவளுக்கு ஒரு தரம் சொன்னேன். அவள் போகாதே என்று சொல்லவில்லை.

கவுன்சிலுக்கு என் ஃபைல் முழுவதையும் கொண்டுபோனேன். கிளெய்ம் என்றால் ஃபைல் வேண்டும் என்பது என் கணக்கு. சேலைக்கடைப் பை கிழிகிற அளவுக்குப் பேப்பர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சின்னப் பெண்.

"இதெல்லாம் என்ன?"

"என் கிளெய்ம்."

"கார்தானே?"

"கார் கடைசியில் இருக்கிறது."

அவள் சிரிக்கவில்லை. கடைசிப் பேப்பரை மட்டும் எடுத்தாள். எங்கே நடந்தது, எப்போது நடந்தது, யாராவது கண்டார்களா என்று கேட்டாள். முன்னம் ஒரு முறை, இமிகிரேசனில், இதே மாதிரி மேசைக்கு முன்னால், இதே மூன்று கேள்வியும் கேட்டார்கள். சொன்னேன். சேட்டைக் கழற்றி முதுகுத் தழும்பையும் காட்டினேன். பிறகு பதில் வந்தது. நீ சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. ஏற்றாலும், நீ கொழும்பில் போய் இருந்திருக்கலாம். அதை ஒருவர் எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னார். இங்கேயும் அது வரப்போகிறது என்று இருந்தேன். வேறு றோட்டால் போயிருக்கலாமே என்று கேட்பாள். வாசலில் கிடக்கிற றோட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சொல்ல வாயில் பதில் வைத்திருந்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. "கிடங்கைப் பற்றி எங்களுக்கு முன்னமே யாராவது சொன்னார்களா?" என்று கேட்டாள்.

"நீங்களே வந்து வெள்ளைப் பெட்டி கீறினீர்கள்" என்றேன்.

கொம்பியூட்டரில் தட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "ஆம். எங்கள் ஆள் பார்த்து எழுதியிருக்கிறார். நாங்கள் செய்யாமல் விட்டிருக்கிறோம். முடிவை இன்சூரன்ஸ்காரர்தான் சொல்வார்கள். ஆனால் நடந்ததற்கு வருந்துகிறேன்."

ஃபைலைத் தள்ளினேன். "ஆதாரம் இருக்கிறது. பாருங்கள்" என்றேன்.

"தேவையில்லை. நம்புகிறேன்."

படத்தைப் பார்த்து, "இந்த டின் என்ன?" என்றாள். எங்கள் அளவு என்றேன். எத்தனை சென்ரிமீற்றர் என்றாள். தெரியாது, இரண்டு பேருக்கு ஒரு நேரச் சோறு என்றேன். பால்பேணி என்று எழுதிக்கொண்டாள். எழும்பும்போது, இது இமிகிரேசனுக்குப் போகுமா என்று கேட்டேன். "ஒரு டயருக்கும் அவர்களுக்கும் என்ன?" என்றாள். வெளியே கிடந்த மர வாங்கில் குந்தினேன். ஒரு அரசாங்கம் என்னிடம் பிழை எங்களுடையது என்று சொன்னது. எனக்கு அது சந்தோசமாக இல்லை. தலையில் அடித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு வராது. வன்னிக்குள் இருந்த எங்கள் ஆட்களிடம் இருந்து போன் வருவது நின்றது. டீவி நிற்கவில்லை. பார்லிமெண்டுக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் றோட்டில் இருந்தார்கள். நானும் ஷிப்ட் முடித்துப் போய் இருந்தேன். கத்தினேன். நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரும் ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஒரு நாள்தான் கவுன்சில் பதில் வந்தது. வசந்தா வாசித்தாள். அவளுக்கு என்னைவிட இங்கிலிஸ் தெரியும். நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறோம் என்று இருந்ததாம். அந்த வரியைத் திரும்ப வாசித்தாள்.

"டயர் வெடிச்சதை நம்புறாங்கள்" என்றாள். "உங்கட முதுகை நம்பேல்லை."

டீவியில் சத்தத்தைக் குறைத்தேன்.

கார் ஓடியது. வேலை போகவில்லை. வசந்தா ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வராவிட்டால் என்னால்தான் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இன்னும் பயமாக இருந்தது. இலை கொட்டுகிற காலத்தில் பதில் வந்தது. இரண்டு பேருக்கும் சரி. சத்தியம் செய்யக் கவுன்சில் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தது. அதே கவுன்சில். வசந்தா திருச்சிக்குப் போன் எடுத்து, "அம்மா, வாறன்" என்றாள். மற்றப் பக்கத்தில் தாய் அழுவது எனக்கும் கேட்டது.

சத்தியம் செய்தோம். கை குலுக்கினார்கள். வெளியே மழை விட்டிருந்தது. வசந்தா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி படி இறங்கினாள். நடைபாதை ஓரம் ஒரு கிடங்கு. தண்ணி நின்றது.

"இஞ்ச பாருங்கோ. ஆரும் விழப்போகினம். போன் அடிச்சுச் சொல்லுங்கோ, எங்கட றோட்டு உடைஞ்சு கிடக்கெண்டு."

நான் திடுக்கிட்டேன். அந்த வருசம் எங்கள் வீட்டில் எங்கட றோட்டு என்றால் வேறு. சனம் பிள்ளையையும் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு டீவியில் நடந்த பரந்தன் றோட்டு. அதைக் கை காட்டித்தான் அவள் அப்படிச் சொல்லி அழுவாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் எடுத்தாள். எந்த றோட் என்று கேட்டாள். எனக்கு முன்னால் இருந்த றோட்டின் பெயர் வாயில் வரவில்லை.

"பரந்தன்" என்றேன்.

எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் தட்டித் தேடுவது கேட்டது. அப்படி ஒரு றோட் எங்கள் பொறுப்பில் இல்லையே என்றாள். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். வசந்தா கிடங்குக்குப் பக்கத்தில் நின்று, வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் கை காட்டிச் சுற்றிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.