சேரி முக்கில் பைப்பு வைத்த சோடாக்கடைக் கவுன்சிலர்

சோடாக்கடை குப்பண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலையில்... மூன்று நாள் காய்ச்சல்தான்.

இந்த வாசகசாலைப் பலகையில் வழக்கமாக நான் மில் செய்தியும் ஊர் வம்பும் எழுதி ஒட்டுவேன். கீழே பென்சிலில் கிண்டல் எழுதுகிறவர்கள் இன்று ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் உண்மை. அவர் நின்ற மூன்று முனிசிபல் தேர்தலிலும் அவருக்கு எதிராக வேலை பார்த்தவன் நான். "சோடா சுற்றுகிறவருக்குச் சபையில் என்ன வேலை?" என்று வந்த நோட்டீஸ் என் கைவரிசைதான்.

முதல் இரண்டு தேர்தலில் அவர் ஜெயித்தார். கவுன்சிலர் ஆன பிறகும் கடையை விடவில்லை. புகார் சொல்ல யார் போனாலும், சோடா மெஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டேதான் சொல்ல வேண்டும்... அதுதான் அவர் ஆபீஸ்.

அரிசி மில் முதலாளி ஒரு நாள் சாக்கடை விஷயமாகப் போனார், பட்டு அங்கவஸ்திரத்தோடு. "சுத்துங்க மொதலாளி, காது கேட்டுட்டுத்தான் இருக்குதுங்க" என்றாராம் அண்ணன்.

அரை டஜன் பாட்டில் நிரம்புவதற்குள் முதலாளிக்கு மூச்சு வாங்கியது. பெரிய கதையாகப் போன புகார் இரண்டே வரியில் முடிந்தது. மறுநாளே சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆள் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்தப் பைப்பு...

சிறுவாணித் தண்ணீர் வந்தபோது எங்கள் வார்டுக்கு ஒரே ஒரு தெருக்குழாய் சாங்ஷன் ஆனது. பிள்ளையார் கோயில் முன்னால்தான் வரும் என்று எங்கள் தெருவே முடிவு கட்டி, மேளத்துக்குக்கூடச் சொல்லிவிட்டது. அவர் கொண்டுபோய்ச் சேரி முக்கில் வைத்தார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு. சேரி ஜனங்கள் அதில் ஒன்றிலும் இறைக்கக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை வெயிலில் நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டு முன்னாலும் நின்றார்கள். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே படவில்லை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தெருவே திரண்டு போய்க் கேட்டோம். "கெணறு இருக்கறவங்களுக்குப் பைப்பு எதுக்குங்க?" அவ்வளவுதான் பதில்.

வரி கட்டுகிறவனுக்குத்தான் முனிசிபாலிட்டியில் ஓட்டு. அந்தச் சேரியில் ஒருவருக்கும் ஓட்டுக் கிடையாது. ஓட்டே இல்லாத ஜனத்துக்காக, ஓட்டு வைத்திருக்கிற அத்தனை பேரையும் பகைத்துக்கொண்ட கவுன்சிலரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என்ன மனுஷன்!

கல்யாண ஆர்டர் எல்லாம் நின்றது. சைக்கிளில் கூடை கட்டித் துடியலூர் வரை போய்ச் சோடா விற்றார். பைப்பை மட்டும் நகர்த்தவில்லை.

மூன்றாவது தேர்தலில் அரிசி மில் முதலாளியே எதிர்த்து நின்றார். "ஜெயித்தால் பைப்பு கோயில் முன்னால்!" அந்த நோட்டீஸும் நான்தான். அண்ணன் தோற்றார்.

மறுநாள் காலையில் பார்த்தால், என் வீட்டு வாசலில் நிற்கிறார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க தம்பி, ஒரு மனு எழுதிக் குடுக்கோணுமுங்க. பைப்ப எடம் மாத்த வேண்டாமுன்னு."

"நானுங்களாண்ணா?"

"என்னையத் தோக்கடிச்ச எழுத்துங்க அது. அத வுட நல்ல எழுத்து இந்த வார்டுல ஏதுங்க?"

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

சேரியில் வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கினார். எங்கள் தெருவில் ஒரு கையெழுத்துக்கூடக் கிடைக்கவில்லை. கடைசியாக என் முகத்தைப் பார்த்தார், பார்த்த உடனே புரிந்துகொண்டார்.

"உங்க கையெழுத்து வேண்டாமுங்க தம்பி. தெருவுல ஒதுக்கிப்போடுவாங்க. எழுதுனதே போதுமுங்க" என்று தாளைச் சுருட்டிக்கொண்டார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மனுவைப் படித்த சேர்மன் முடிவைத் தள்ளிவைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு மீட்டிங்குக்கும் அண்ணன் போய்ப் பின்னால் வேடிக்கை பார்க்கிறவர்களோடு உட்கார்ந்திருப்பார். பேச உரிமை இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முன்னால் பைப்புப் பேச்சை எடுக்க முதலாளிக்கே நாக்கு எழவில்லை.

இன்று செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, முதலாளியின் ஆள் என்னைத் தேடி வந்துவிட்டார். "திங்கக்கெழம மீட்டிங்குல பைப்பு விசயம் வருதுங்க. தீர்மானத்த நீங்கதான் நல்லா எழுதிக் குடுக்கோணுமுங்க."

முடியாது என்று அனுப்பிவிட்டேன். அண்ணனுடைய பழைய மனுவைத்தான் புதுத் தாளில் எழுதி, இந்தப் பலகைக்குக் கீழே மேஜையில் வைத்திருக்கிறேன். பேனாவும் அங்கேயே இருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் யார் வேண்டுமானாலும் போடலாம்.

முதல் கையெழுத்து என்னுடையது. அப்பா பெயர், தெருப் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் சேர்த்து.

பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

போய்ட்டு வாங்கண்ணா... இந்தத் தடவ உங்களால என்னையத் தடுக்க முடியாதுங்க.